நிறுத்துக் கொடுத்த பட்டு

ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரம் செய்கிற வீட்டில் ஒரு தராசும் ஒரு கணக்குப் புத்தகமும் இல்லாமல் காரியம் நடக்காது. நெசவுக்குக் கொடுக்கிற முதலாளி, பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய பட்டை நிறுத்துக் கொடுப்பார். ஜரிகையையும் நிறுத்துத்தான் கொடுப்பார். இன்ன தேதியில் இன்னாருக்கு இத்தனை கிராம் என்று புத்தகத்தில் பற்று எழுதியாகிவிடும். பிறகு ஒரு நாள் நெசவாளி சேலையை மடித்து எடுத்துக்கொண்டு வருவார். அதையும் தராசில் வைப்பார்கள். அது வரவுப் பக்கத்தில் ஏறும். தறியில் வீணாகிற நூலுக்கு ஒரு சிறு கழிவும் உண்டு. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கூலி விஷயம் பேசுவார்கள்.

எத்தனை கறாரான முதலாளியானாலும், வந்த சேலையை மட்டும் தராசில் வைத்து, "அவன் சேலையைவிட உன் சேலை எடை குறைவு, ஆகவே நீ மட்டமான நெசவாளி" என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. கொடுத்தது குறைவு என்றால் வருவதும் குறைவாகத்தானே இருக்கும்? இது எங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரிந்த நியாயம்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரில் 'மார்க்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பள்ளிக்கூடத்தில் வாங்குகிற மார்க் ஒன்று. ஜரிகையை அளக்கிற மார்க் மற்றொன்று. ஜரிகை மார்க் என்பது சுமார் 240 கிராம். ஜரிகை மார்க்குக்குப் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் உண்டு. பள்ளிக்கூட மார்க்குக்கோ வெகு காலம் வரவுப் பக்கம் மட்டுமே இருந்தது. பெரிய சர்வகலாசாலைகளுக்குள் நுழைய என்ன வேண்டும் என்ற கேள்வியின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், அந்தப் பற்றுப் பக்கத்தை எழுதலாமா கூடாதா, எழுதினால் யார் எழுதுவது என்ற வழக்காகத்தான் அது எனக்குத் தோன்றுகிறது. கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். ஆகையால் இதை உள்ளே இருப்பவர்களின் கண்ணால் பார்க்காமல், வாசலில் நிற்கிறவர்களின் கண்ணால் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

வரவுப் பக்கத்தை அப்பழுக்கில்லாமல் எழுதிக் காட்டியவர்கள் சீனர்கள். அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் எடுக்க அவர்கள் நடத்திய பரீட்சை, 1905-ல் நிறுத்தப்படும் வரை ஏறக்குறைய 1300 வருஷம் நடந்தது. ஸொங் வம்சத்து அரசர்கள் காலத்தில் விடைத்தாளில் பெயரை மறைத்தார்கள். அதுவும் போதாதென்று, ஒவ்வொரு விடைத்தாளையும் குமாஸ்தாக்களைக் கொண்டு வேறு தாளில் பிரதி எடுக்கச் செய்து, அந்தப் பிரதியைத்தான் பரீட்சகர் கையில் கொடுத்தார்கள். கையெழுத்தை வைத்துக்கூட இன்னார் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது நோக்கம். இதற்கு மேல் நேர்மையாகத் தராசைப் பிடிக்க முடியுமா?

ஆனால் அந்தப் பரீட்சைக்குப் பழைய நூல்களை வருஷக் கணக்காக மனப்பாடம் செய்ய வேண்டும். வயலில் நாற்றுப் பிடுங்க வேண்டிய பையனுக்கு அந்த வருஷங்களை யார் கொடுப்பார்கள்? பெயரை மறைத்தார்கள், கையெழுத்தை மறைத்தார்கள், வீட்டு நிலைமையை மறைக்க முடியவில்லை. அது பிரதி எடுத்த தாளிலும் வரிக்கு வரி தெரிந்தது.

நம் பக்கம் வருவோம். சென்னை சர்வகலாசாலை 1857-ல் ஏற்பட்டது. பம்பாய், கல்கத்தா சர்வகலாசாலைகளும் அதே வருஷம்தான். மூன்றுக்கும் லண்டன் சர்வகலாசாலை மாதிரி. அந்த நாளில் சென்னை சர்வகலாசாலை பாடம் சொல்லிக் கொடுக்கிற இடமாக இருக்கவில்லை. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கிற இடமாகவே இருந்தது. அதன் வாசற்படிக்கு மெட்ரிகுலேஷன் என்று பெயர். அந்தப் படியைத் தாண்ட இங்கிலீஷ் வேண்டும். இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடம் வேண்டும். பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அங்கே சோறு போட ஓர் உறவினர் வீடு வேண்டும்.

1858-ல் இந்த சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பட்டத்தைப் பெற்றவர் யார் தெரியுமா? சென்னைப் பட்டணத்துக்காரர் அல்ல; யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. பிற்காலத்தில் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தாரே, அவரேதான். கடல் கடந்து வந்தவர் முதல் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது எப்படி? அவருடைய அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கப் பாதிரிமார் வட்டுக்கோட்டையில் நடத்திய செமினரியில் அவர் படித்திருந்தார். சென்னை ராஜதானியில் எத்தனையோ ஜில்லாக்களில் கிடைக்காத பாடம் அங்கே கிடைத்தது. நல்ல நெசவாளிதான், கையில் நல்ல பட்டும் கொடுத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தின் இந்தப் பட்டை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதைப் பற்றி ஒரு துயரமான கணக்கு வருகிறது.

நல்ல நெசவாளி, ஆனால் தராசு ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. கும்பகோணத்து ஜவுளிக் கடை குமாஸ்தா ஒருவரின் பிள்ளை, ராமானுஜன். கணக்கில் அவருக்கு ஈடில்லை. ஆனால் எஃப்.ஏ. பரீட்சையில் எல்லாப் பாடமும் தேற வேண்டும் என்பது விதி. கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906-லும் 1907-லும் பரீட்சையில் தவறினார். சர்வகலாசாலைக் கதவு சாத்திக்கொண்டது.

பிறகு அது திறந்ததும் பரீட்சையினால் அல்ல, மனிதர்களால். ஜில்லா கலெக்டராக இருந்த ராமசந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். துறைமுகக் கழகத்தில் நாராயணய்யரும் அவருக்கு மேலதிகாரியான ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவாக நின்றார்கள். ராமானுஜன் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதங்களால் முதலில் பயன் இல்லை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதம் பலித்தது. அதே வருஷம் சென்னை சர்வகலாசாலை, பட்டம் இல்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. 1914-ல் அவர் கப்பலேறி டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். 1918-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார்.

இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். நானும் சொல்லுவேன். ஆனால் கதைக்காரனுக்கு எப்போதும் வருகிற சந்தேகம் ஒன்று எனக்கும் வருகிறது. ஹார்டி அந்தக் கடிதத்தையும் படிக்காமல் ஒதுக்கியிருந்தால்? ராமானுஜனுக்கு மேதை இருந்தது. அதோடு, அவரைக் கையைப் பிடித்து அடுத்த வாசலுக்கு அழைத்துப் போக நாலைந்து பேர் இருந்தார்கள். பெரிய இடத்துக்குப் போக மூளை மட்டும் போதாது. வழி தெரிந்த மனிதர் ஒருவர் வேண்டும். அவரும் நிறுத்துக் கொடுக்கிற பட்டில் சேர்ந்தவர்தான்.

சுதந்திரம் வந்த பிறகு இந்த வழக்கு நிஜமாகவே கோர்ட்டுக்குப் போயிற்று. 1950-ல் சென்னை ராஜ்யத்து நான்கு மருத்துவக் கல்லூரிகளில் மொத்த இடம் 330. நான்கு பொறியியல் கல்லூரிகளில் 395. இன்றைய தமிழ் நாட்டைவிடப் பெரிய ராஜ்யத்துக்கு அவ்வளவுதான். வகுப்புவாரி உத்தரவுப்படி ஒவ்வொரு 14 இடத்தையும் பங்கு போட்டார்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி, தம் ஜாதியின் காரணமாக மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் கிடைக்காது என்று வழக்குத் தொடுத்தார். பொறியியல் கல்லூரியில் இடம் கேட்ட மாணவர் ஒருவரின் மனுவும் சேர்ந்துகொண்டது. அவர் வாங்கியிருந்தது 450-க்கு 369.

1951 ஏப்ரல் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட், அந்த உத்தரவு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லியது. தமிழ் நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. சுமார் இரண்டு மாதத்தில் பார்லிமெண்ட் அரசியல் சட்டத்தையே முதல் முறையாகத் திருத்தி, 15-ம் ஷரத்தில் நான்காவது உட்பிரிவைச் சேர்த்தது. கல்வியிலும் சமூகத்திலும் பின்தங்கிய வகுப்பாருக்கு ராஜ்யங்கள் தனி ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் சாரம்.

450-க்கு 369 வாங்கிய மாணவருக்கு மனம் எரிந்திருக்கும். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அவர் தம் வரவைச் சரியாகக் காட்டினார். ஆனால் பல தலைமுறையாகப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே விடப்படாத வீட்டுப் பிள்ளையின் பற்றுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று எதிர்த் தரப்பு சொன்னது. ஒரே பொருளைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. ஒருவர் ஒரு பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டார். மற்றவர் மறு பக்கத்தை மூடிக்கொண்டார். புத்தகத்தை முழுக்கத் திறந்து வைக்கச் செய்தது அந்தத் திருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

வாசலில் கழிவு கொடுப்பது ஒரு வழி. வீட்டிலேயே நல்ல பட்டாகக் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. காமராஜர் முதன்மந்திரியாக இருந்தபோது 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஆரம்பித்தது இரண்டாவது வழி. எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். கரை சேர்த்து நெய்கிற சேலைக்குப் பக்கத்து நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும். தார் சுற்றவும் ஒரு கை வேண்டும். பெரியவர்கள் கைக்குக் கூலி கொடுக்க முடியாத வீட்டில் அந்தக் கை எட்டு வயசுக் கையாகவே இருந்தது. மத்தியானச் சோறு அந்தக் கையைத் தறியிலிருந்து பிடித்து இழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்தது. சட்டங்களைவிடச் சோறு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்த இடம் அது.

இதற்கிடையே சென்னையில் இன்னும் குறுகலான ஒரு வாசல் ஏற்பட்டது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் கிண்டியில் ஐ.ஐ.டி. திறந்தார்கள். 1961-ல் ஐ.ஐ.டி.களுக்குப் பொது நுழைவுப் பரீட்சை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அங்கே ஒதுக்கீடு வர 1973 ஆயிற்று, பிற்படுத்தப்பட்டோருக்கு 2008. முதன்மை நுழைவுத் தேர்வின் கேள்வித்தாள் தமிழில் வந்தது 2021-ல்தான். அதற்கு மேற்பட்ட தேர்வு அப்போதும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடந்தது. பற்றுப் பக்கத்தில் ஒரு வரி எழுத எத்தனை வருஷம் ஆகிறது பாருங்கள்!

இப்போது யாழ்ப்பாணத்துக் கணக்கு. பற்றுப் பக்கம் எழுதுவது நல்லது என்றேன். யார் எழுதுகிறார்கள் என்பதும் முக்கியம். மிஷன் பள்ளிக்கூடங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த பட்டினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இலங்கையின் மருத்துவ, பொறியியல் படிப்புகளில் தங்கள் ஜனத்தொகையைவிட அதிகமான இடங்களைப் பெற்று வந்தார்கள். சிங்களக் கிராமங்களிலோ விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிற பள்ளிகள் அரிது. அந்தக் குறை உண்மையான குறைதான். ஆனால் இலங்கை சர்க்கார் அதைத் தீர்த்த விதம் என்ன? 1971-ல் பொறியியலுக்குத் தமிழில் பரீட்சை எழுதியவருக்கு 250 மார்க் வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதும் என்று ஆயிற்று. பிறகு தரப்படுத்தல் என்றும் மாவட்ட ஒதுக்கீடு என்றும் முறைகள் மாறின. மாவட்ட ஒதுக்கீட்டில் பின்தங்கிய சில தமிழ்ப் பகுதிகளுக்கும் லாபம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் முதல் அடி மொழியின் பேரில் விழுந்துவிட்டது. பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறான், அங்கே விளக்கு இருக்கிறதா, பள்ளிக்கூடம் எத்தனை மைல் என்று பார்க்காமல், என்ன பாஷையில் எழுதினான் என்று மட்டும் பார்த்தது அந்தத் தராசு.

சென்னையின் முதல் பட்டத்தை வாங்கியவர் பிறந்த மண்ணில், அதற்கு நூறு வருஷத்துக்குச் சற்று மேல் சென்ற பிறகு, பிள்ளைகள் சர்வகலாசாலை வாசலில் தங்கள் தாய்மொழியின் காரணமாக நிறுத்தப்பட்டார்கள். அந்த நாட்டை எரித்த நெருப்புக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புத்தகத்தைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்த இளைஞர்களில் பலருக்கு இந்தப் புண் நன்றாக ஞாபகம் இருந்தது.

தமிழ் நாட்டில் நாம் செய்து பார்த்த சோதனைகளும் கொஞ்சமல்ல. 1984-ல் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மாநில நுழைவுத் தேர்வு வைத்தோம். நகரத்துப் பயிற்சி நிலையங்கள் கொழித்தன. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அநியாயம் என்று 2006-ல் சட்டம் செய்து அதை எடுத்தோம். பிளஸ் டூ மார்க்கே போதும் என்றதும், பிளஸ் டூ மார்க்கையே வருஷம் முழுதும் காய்ச்சி இறக்கும் விடுதிப் பள்ளிகள் முளைத்தன. 2017-ல் மருத்துவத்துக்கு 'நீட்' கட்டாயமாயிற்று. பயிற்சி நிலையங்கள் மறுபடி வாசலைத் திறந்தன. 2020-ல் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு ஏழரை ஒதுக்கினோம். எந்தத் தராசை வைத்தாலும், பணம் உள்ளவன் அந்தத் தராசுக்கு ஏற்ற படிக்கல்லைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறான். ஆகையால் தராசை மாற்றுவது மட்டும் போதாது. ஏழரை சதவிகிதம் போல, கொடுத்த பட்டையும் பார்த்து எழுத வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வில் ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இருநூறுக்குக் கணக்குப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். இருவர் சமமாக வந்தால் கணித மார்க், பிறகு பௌதிக மார்க், மேலும் சமமென்றால் பிறந்த தேதி என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் ஒவ்வொருவருக்கும் முன்பே கொடுத்த சீட்டு எண்ணைப் பார்க்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், தகுதி உள்ளவர்கள் பெயரை எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்களே, அதே யோசனைதான். ஒரு கட்டத்துக்கு மேல் மனிதனை மனிதனோடு ஒப்பிட்டு நிறுக்க முடியாது என்பதை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஜனங்கள் நாம். அரை மார்க்கில் உள்ளே போனவன் தலை நிமிர்ந்து நடப்பதற்கும், அரை மார்க்கில் வெளியே நின்றவன் தலை குனிவதற்கும் அவ்வளவு நியாயம் இல்லை.

கடைசியாக, எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழித்தறிக்காரர் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அவர் மகள் பிளஸ் டூவில் அபாரமான மார்க். கலந்தாய்வுப் பட்டியலில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். வரிசைப்படி முதலில் எது கிடைக்கிறதோ அது ஒதுக்கப்படும். அப்பாவும் மகளும் உட்கார்ந்து, காலையில் போய் மாலையில் வந்துவிடக்கூடிய கல்லூரியை முதலில் எழுதினார்கள். கிண்டியைக் கடைசியில் எழுதினார்கள். முதலில் எழுதியதே கிடைத்தது. அவள் மார்க்குக்குக் கிண்டியே கிடைத்திருக்கும் என்று யாரோ சொன்ன பிறகு அவர் என்னிடம் வந்தார்.

"இன்னா தம்பி, பட்டியல்ல அதுவும்தான் எழுதியிருக்குது. அது பெரிசுன்னா அவங்களே பாத்துக் குடுத்திருக்கக் கூடாதா?"

"எழுதின வரிசைப்படிதான் மாமா கொடுப்பாங்க. ஏன் கடைசியில எழுதினீங்க?"

"எடுத்த எடுப்பில பெரிய எடத்தைக் கேட்டா நல்லாவா இருக்கும்? சின்னதா கேப்போம், மிச்சம் இருந்தா அவங்களாக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

அவருடைய மகளுக்கு மார்க்கில் குறையில்லை. ஒதுக்கீட்டிலும் குறையில்லை. பெரிய இடத்தைக் கேட்கலாம் என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

அவள் படித்து முடித்து வேலைக்குப் போனாள். அவளுக்கு இளையவன் தம்பி. அவனுக்குப் பட்டியல் எழுதியவள் அக்காதான். கிண்டி முதல் வரி. கிடைத்தும் விட்டது. ஆனால் மாமாவுக்கு ஒரு மனக்குறை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குப் படிப்புக் கட்டணத்தில் சலுகை என்று 2010-ல் சர்க்கார் ஓர் ஏற்பாடு செய்தது. மகளுக்கு அந்தச் சான்றிதழ் கொடுத்தார்கள். மகனுக்கு இல்லை என்றுவிட்டார்களாம்.

"அதே வீடு, அதே தறி, அதே கூலி. அவளுக்குக் குடுத்தாங்க, இவனுக்கு மட்டும் ஏன் தம்பி இல்லை?"

"இவனுக்குத்தான் அக்கா இருக்காளே, மாமா" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவும் நாயந்தான்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குள் காலை இறக்கினார்.